1/48 விகென்: நாலு நிறச் சில்லு உருமறைப்பு, மாஸ்க் போடத் தெரிந்தவர்கள் வரவும்

#1 · நாலாவதுகோட்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருஷமாகப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த டாரங்குஸ் கம்பெனியின் 1/48 அளவு விகென் பிளாஸ்டிக் விமான மாடலை ஒருவழியாக ஒட்டி முடித்துவிட்டேன். ஸ்வீடனின் ஸாப் நிறுவனத்து ஜெட், ஏஜே 37 என்ற தாக்குதல் வகை. பட்டி வைத்துத் தேய்த்து, அழிந்துபோன பேனல் கோடுகளை (விமானத் தகடுகள் சேரும் கோடுகள்) மறுபடி கீறி, பிரைமரும் அடித்தாயிற்று. இப்போதுதான் பயம் பிடித்திருக்கிறது.

இதுவரை நான் பண்ணியதெல்லாம் சாம்பல் விமானங்கள். மேலே ஒரு சாம்பல், கீழே இன்னொரு சாம்பல், முடிந்தது. இதில் மேல்பக்கம் மட்டும் நாலு நிறம்: மண் நிறம், வெளிர்பச்சை, கரும்பச்சை, கிட்டத்தட்டக் கறுப்பு. எல்லாமே நேர்கோடு, கூர்மூலை. கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்த மாதிரி. அடியில் நீலச்சாம்பல். 'வயலும் புல்வெளியும்' என்று இதற்குப் பெயராம். பெயர் வைத்தவர் டேப் ஒட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

என் சந்தேகம் மூன்று. எந்த நிறத்தில் ஆரம்பிப்பது? பெயின்ட் படக்கூடாத இடத்தை மூட, வெட்டித் தயாராக விற்கும் மாஸ்க் வாங்குவதா, டேப்பில் நானே வெட்டுவதா? கனார்டை (முன்னால் இருக்கும் சின்ன இறக்கை) தனியாகப் பெயின்ட் அடித்து அப்புறம் ஒட்டலாமா?

#2 · உப்புத்தாள்

தம்பி, நல்ல வேலையில் மாட்டிக்கொண்டீர்கள். வாழ்த்துகள்.

அடிப்பக்க நீலச்சாம்பல் முதலில். அது நன்றாகக் காய்ந்த பிறகு மூடிவிட்டு மேலே வாருங்கள். மேலே வெளிறியதிலிருந்து அடர்ந்ததுக்குப் போங்கள்: மண் நிறம், வெளிர்பச்சை, கரும்பச்சை, கடைசியில் கறுப்பு. நாலு நிறத்துக்கு மூன்று தடவைதான் மாஸ்க் வரும். மண் நிறமாகவே இருக்க வேண்டிய சில்லுகளை மூடு, பச்சை அடி. பச்சையாக இருக்க வேண்டியதை மூடு, அடுத்ததை அடி. அவ்வளவுதான் தத்துவம்.

ஆனால் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மண் நிறத்தை விமானம் முழுக்க அடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் கடைசிக் கறுப்பு விழும் இடத்தில் நாலு பூச்சு ஏறிவிடும், பேனல் கோடு பாதி தூர்ந்துபோகும். எந்த நிறம் எங்கே வருமோ அங்கே மட்டும், ஓரத்தில் ஒரு 5 மி.மீ. வழியவிட்டு அடியுங்கள். பென்சிலால் லேசாக 'ம', 'வெ', 'கப', 'கறு' என்று எழுதி வைத்துக்கொண்டால் கை குழம்பாது. அழுத்தி எழுத வேண்டாம், மண் நிறத்தின் வழியாக எழுத்து தெரியும். எனக்குத் தெரிந்தது, அதனால் சொல்கிறேன்.

#3 · முனைக்கத்தி

மாஸ்க் விஷயத்துக்கு நான் வருகிறேன்.

வினைல் மாஸ்க் தட்டையான இறக்கையில் அருமை. உடற்பகுதியின் வளைவில் ஒட்டிப் பாருங்கள், ராத்திரி ஒட்டியிருக்கும், காலையில் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம். காகித டேப் அப்படிப் படுத்தாது, வளைவுக்கு அடங்கும். ஆனால் இழுத்து ஒட்டினால் நீண்டுவிடும், அப்புறம் நேர்கோடு நேராக இருக்காது.

என் வழக்கம்: இறக்கைக்கு வெட்டிய மாஸ்க், உடலுக்கும் வாலுக்கும் காகித டேப். டேப்பைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, புது பிளேடால் ஓரத்தை ஒரு மி.மீ. வெட்டி எறிந்துவிட்டுத்தான் எடுப்பேன். டப்பாவில் கிடந்த ஓரத்தில் தூசி, பிசிறு எல்லாம் இருக்கும். கூர்மூலைகளை ஒரே துண்டில் வெட்ட முயலாதீர்கள். இரண்டு நீளத் துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மூலை தானே கூராக விழும்.

#4 · கோணமானி

கனார்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

நாலாவதுகோட், நாலுபக்க வரைபடத்தை அச்செடுத்து அதையே மாஸ்க்காக வெட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். முதலில் அளவு சரியா என்று பாருங்கள். விகெனின் இறக்கை விரிவு 10.6 மீட்டர், 1/48இல் 22.1 செ.மீ. அச்சில் அது வராவிட்டால் மற்றது எதுவும் வராது.

அளவு சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல். மேலிருந்து பார்க்கும் படம், உடலின் பக்கவாட்டை நசுக்கிக் காட்டும். பக்கவாட்டுப் படம், முதுகை நசுக்கிக் காட்டும். ரெண்டும் சந்திக்கும் தோள்பட்டையில் கோடுகள் ஒட்டாது. இது உங்கள் கத்தியின் குறை இல்லை, வளைந்த பரப்பைத் தட்டையாக வரைந்ததன் விலை.

அதனால் கோடுகளை விட்டுவிடுங்கள். மூலைகளை மட்டும் பிடியுங்கள். ஒவ்வொரு சில்லின் மூலையும் எந்தப் பேனல் கோட்டுக்குப் பக்கத்தில், எந்த மூடிக்கு எத்தனை மி.மீ. தள்ளி வருகிறது என்று போட்டோவைப் பார்த்து மாடலில் புள்ளி வையுங்கள். பிறகு புள்ளிக்குப் புள்ளி டேப். பார்க்கிறவன் கண் மூலையில்தான் போய் நிற்கும். கோடு அரை மி.மீ. அப்படி இப்படி இருந்தால் யாருக்கும் தெரியாது. மூலை இடம் மாறினால் என்னவோ சரியில்லை என்று தோன்றும், ஆனால் எதுவென்று சொல்ல வராது.

இந்த வகையில் ஒரு வசதி என்னவென்றால், விகெனில் அடிப்படை வடிவம் எல்லா விமானத்துக்கும் ஒன்றுதான். ஆகவே உங்கள் எண்ணுள்ள விமானத்தின் போட்டோ கிடைக்காவிட்டாலும் அதே வகையின் வேறு எண் உதவும்.

கனார்டைத் தனியாக அடிக்கலாம், ஆனால் ஒட்டாமல் பொருத்தி வைத்து, இன்டேக்கிலிருந்து (என்ஜினுக்குக் காற்று போகும் வாய்) கனார்டுக்குக் கோடு தாண்டும் இடங்களில் ரெண்டு பக்கமும் குறி வைத்த பிறகுதான்.

#5 · நாலாவதுகோட்

கோணமானி சார், அச்சில் 21.6 வந்தது. நல்லவேளை சொன்னீர்கள்! பிரின்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று சுருக்கியிருக்கிறது.

நாலு நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது: எந்த வரைபடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வராமல் தீட்ட நாலு நிறம் போதும் என்று ஒரு தேற்றம் இருக்கிறதே?

#6 · கோணமானி

இருக்கிறது. 1976இல் ஆப்பெல், ஹாக்கன் இருவரும் கணினியின் துணையோடு நிரூபித்தார்கள். கணினி சரிபார்த்ததை நிரூபணம் என்று ஏற்பதா என்று அப்போது பெரிய சண்டை. உங்களுக்குப் பயன்படும் பகுதி இதுதான்: மாஸ்க் போடும்போது பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வந்தால் புள்ளி எங்கோ தப்பியிருக்கிறது, நிறுத்திப் பாருங்கள்.

#7 · பெட்டிக்குள்_கிட்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் இன்னும் முதல் கிட்டே முடிக்கவில்லை. ஒரு அடிப்படைச் சந்தேகம். ஜெட் விமானம் மேலே பறக்கும்போது இத்தனை பச்சையும் மண்ணும் எதற்கு? வானத்துக்கு எதிரே பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தானே தெரியும்?

#8 · உப்புத்தாள்

நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் பெயின்ட் அடிக்கும் கையே மாறும்.

விகென் ஒளிந்துகொள்ள வேண்டிய இடம் தரை. போர் வந்தால் முதல் நாளே விமானதளங்கள் நொறுங்கும் என்பது ஸ்வீடனின் கணக்கு. அதனால் விமானங்களைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து நாடு முழுக்கச் சிதறவைக்க பாஸ் 60 என்று ஒரு ஏற்பாடு, பிறகு பாஸ் 90. நெடுஞ்சாலையின் நேரான துண்டுகளே ஓடுதளம். பக்கத்துக் காட்டோரத்தில் விமானத்தை நிறுத்தி எரிபொருள், ஆயுதம் ஏற்றுவார்கள். இந்த விமானத்தின் வினோத உறுப்புகள் எல்லாம் அதற்காகத்தான். குறுகிய இடத்தில் எழும்பி இறங்க, டெல்டா இறக்கைக்கு முன்னால் கனார்ட். இறங்கியதும் நிற்க, ஜெட் பயணி விமானங்களில் வருவது போன்ற எதிர் உந்துவிசை. மூக்குச் சக்கரம் தரையில் அழுந்தியதும் அது வேலை செய்யும். சுமார் 500 மீட்டருக்குள் வேலை முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. தாழ்ந்த கூரைக்குள் நுழைய வால்கூட மடங்கும்.

ஆகவே இந்தச் சில்லு உருமறைப்பு மேலிருந்து தேடி வரும் எதிரி விமானியின் கண்ணுக்கானது. தாழ்வாகப் பறக்கும்போதும் மேலே இருப்பவனுக்கு அது காட்டோடு காடாகத் தெரியும். அதனால்தான் நாலு நிறமும் மேலே மட்டும், அடியில் ஒரே நீலச்சாம்பல்.

முதல் பறப்பு 1967 பிப்ரவரி 8. 1971இல் ஸோத்தெனஸ் தளத்தின் எஃப் 7 பிரிவில் சேவைக்கு வந்தது. ஆரம்பத்தில் வந்தவை பெயின்டே இல்லாமல் வெறும் உலோகமாகப் பறந்தன, சில்லு பிறகுதான். மொத்தம் 329 கட்டினார்கள், 2005இல் ஓய்வு. பிற்கால ஜேஏ 37 போர்விமானங்களில் பல சாம்பலுக்கு மாறின, ஏனென்றால் அவற்றின் வேலை மேலே.

ஜேஏ என்றதும் சொல்லிவிடுகிறேன்: ஏஜே கிட்டை வைத்துக்கொண்டு ஜேஏ டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம், எண்) ஒட்டும் கொடுமையைச் செய்யாதீர்கள். ஜேஏவின் வால் உயரம், வயிற்றில் 30 மி.மீ. பீரங்கி, இறக்கைக்கு அடியில் ஒவ்வொரு பக்கமும் மூன்றுக்குப் பதில் நாலு ஆக்சுவேட்டர் மூடிகள் (இறக்கையின் பின்னோர மடிப்புகளை அசைக்கும் கருவிக்கான உறைகள்). எண்ணிப் பார்க்க இந்த இழையில் ஆள் இருக்கிறார்கள்.

#9 · சாம்பல்பறவை

அண்ணா சொன்னதுக்கு நேர் எதிர்க்கட்சி நான். இப்போது மேசையில் இருப்பது ஃபெரிஸ் வடிவத்தில் ஒரு எஃப்-14.

கீத் ஃபெரிஸ் அமெரிக்க விமான ஓவியர். 1970களில் அவர் போட்ட திட்டத்தில் விமானத்தை மறைக்கும் நோக்கமே இல்லை. சண்டையில் எதிரி விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை அதன் உருவத்தைப் பார்த்துத்தான் விமானி ஊகிக்கிறான். அந்த ஊகத்தை ஒரு நொடி தாமதப்படுத்துவதே குறி. கோணலான சாம்பல் துண்டுகள் இறக்கையின் ஓரத்தையே தப்பாகக் காட்டும். கனடாவின் சிஎஃப்-18களின் வயிற்றில் கறுப்பாகப் பொய் காக்பிட் தீட்டியிருப்பதும் இதே குடும்பம்தான். முதல் உலகப் போரில் கப்பல்களுக்குப் போட்ட கண்ணைக் குழப்பும் பட்டைகளின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் பண்ணுகிறவனுக்கு வித்தியாசம் என்ன? விகெனில் நிறங்கள் ஒன்றுக்கொன்று முட்டி நிற்கின்றன, அதனால் ஒரு மாஸ்க் தப்பினாலும் கண்ணில் குத்தும். எனக்குச் சாம்பல்கள் ஒட்டி உறவாடுகின்றன. என் பிரச்சினை தப்பு தெரிவதில்லை, போட்டதே தெரிவதில்லை. பளபளப்பை அடக்கும் மேட் கோட் அடித்ததும் ரெண்டு சாம்பலும் ஒன்றாகிவிட்டன!

#10 · பிக்சல்_போதும்

ரெண்டு பேரும் சந்தோஷமாக இருங்கள். நான் ஸ்லோவாக்கியாவின் மிக்-29, அந்தச் சதுரம் சதுரமான டிஜிட்டல் சாம்பல், மாஸ்க் போட்டே பண்ணினேன். கடுகளவு சதுரங்கள், ட்வீசரில் ஒவ்வொன்றாக. பாதியில் ஒரு தும்மல் வந்தது, அதற்குமேல் கேட்காதீர்கள். அடுத்த தடவை டீகால் மட்டும்தான்.

#11 · நாலாவதுகோட்

கெட்ட செய்தி.

அடிப்பக்கமும் மண் நிறமும் நீர்கரையும் அக்ரிலிக்கில் அடித்தேன். இரண்டு நாள் காய வைத்தேன். வெளிர்பச்சை அடித்து டேப்பை எடுத்தபோது, இடது இன்டேக்குக்கு மேலே மண் நிறம் பிரைமரோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவு. கீழே வெறும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டுகிறது.

நேற்று முழுக்க மேசைப் பக்கமே போகவில்லை.

#12 · உப்புத்தாள்

நகம் அளவுதானே, விடுங்கள். எனக்கு ஒருதடவை முதுகு முழுக்க வந்தது.

காரணத்தைப் பிடிப்போம். பிரைமரோடு உரிந்தது என்றால் தவறு டேப்பில் இல்லை, பிரைமருக்குக் கீழே. அந்த இடத்தில் பட்டி தேய்த்தபோது கைபட்டிருக்கும். விரலின் எண்ணெய்ப்பசை போதும், பிரைமர் பிடிக்காது. பிரைமருக்கு முன்னால் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி, காய்ந்தபின் ஆல்கஹாலில் துடைத்தீர்களா?

#13 · நாலாவதுகோட்

பாகங்கள் ஸ்ப்ரூவில் (அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருந்தபோது கழுவினேன். தேய்த்த பிறகு கழுவவில்லை.

#14 · உப்புத்தாள்

அதுதான்.

சரி பண்ணலாம். உரிந்த ஓரத்தில் ஒரு படி நிற்கும், அதை 2000 நம்பர் உப்புத்தாளால் ஈரமாகத் தேயுங்கள். நகத்தால் தடவினால் தட்டக்கூடாது, அதுவரை. ஆல்கஹால் வேண்டாம், உங்கள் அக்ரிலிக்கையும் சேர்த்துக் கரைக்கும். சோப்பு நீர் போதும். பிறகு அந்த இடத்தில் மட்டும் லாக்கர் பிரைமரை ரெண்டு மூன்று மெல்லிய தூறலாக விடுங்கள், ஒரேயடியாக நனைத்தால் பக்கத்து அக்ரிலிக் சுருங்கும். மறுநாள் மண் நிறம். மிச்ச நிறங்களையும் லாக்கரிலேயே போங்கள். அது கீழே உள்ளதைக் கடித்துப் பிடிக்கும்.

#15 · முனைக்கத்தி

கூடவே டேப் எடுக்கும் முறை. மேலே தூக்கி இழுக்காதீர்கள், டேப்பை அதன்மேலேயே மடித்துப் பரப்போடு ஒட்டினாற்போல் மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையில் ரெண்டு தடவை ஒற்றி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும். நீங்கள் எத்தனை நாள் விட்டீர்கள்? பெயின்ட் தொடக்கூடிய அளவுக்குக் காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

கசிவுக்கு ஒரு தந்திரம்: டேப் ஒட்டியதும் அடுத்த நிறத்தை அடிக்காமல், கீழே இருக்கும் அதே நிறத்தை ஓரத்தில் ஒரு தூறல் விடுங்கள். கசிந்தால் அந்த நிறமே கசியும், வாயை மூடிக்கொள்ளும். அதன்பின் புது நிறம். கோடு கத்தியால் வெட்டியது போல வரும்.

#16 · சாம்பல்பறவை

கோடு கத்தி மாதிரி வேண்டுமா என்பதே என் கேள்வி. நிஜ விமானத்தில் ஓரம் அவ்வளவு கூர்மையாகவா இருக்கும்? சிலர் லேசாக மங்கலாக விடுகிறார்கள்.

#17 · கோணமானி

கணக்குப் போடுவோம். நிஜத்தில் 2 செ.மீ. மங்கல் இருந்தது என்றே வையுங்கள். 1/48இல் 0.4 மி.மீ., 1/72இல் 0.3க்கும் கீழே. அந்த அளவு மங்கலை ஏர்பிரஷால் வெறும் கையில் கொண்டுவர முடிந்தவர் இந்த இழையில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கூர்மையாகவே விடுங்கள். டேப் ஓரத்து மேடுதான் உண்மையான எதிரி.

இன்னொன்று. வளைவின்மேல் டேப்பை இழுக்காமல் படுக்கவிட்டால், அது அந்தப் பரப்பின் மிகக் குறுகிய வழியில் போகும். பக்கத்திலிருந்து பார்த்தால் லேசாக வளைந்து தெரியும். அதைப் பார்த்துப் பயந்து வரைபடத்தைப் போல நேராக்க டேப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் போட்டோதான் நீதிபதி.

#18 · நாலாவதுகோட்

பத்து நாள் கழித்து வருகிறேன். நாலு நிறமும் முடிந்தது!

உரிந்த இடம் எனக்கே இப்போது தெரியவில்லை. ஓர மேடுகளை 3000 நம்பரில் ஈரமாகத் தடவி எடுத்தேன். கறுப்பு அடித்துக் கடைசி டேப்பை எடுத்த அந்த அஞ்சு நிமிஷம் இருக்கிறதே, மூன்று வருஷம் பெட்டிக்குள் வைத்ததுக்கு வட்டியோடு கிடைத்துவிட்டது.

ஆனால் ஒன்று. வலது கனார்டைப் பொருத்தினால் கரும்பச்சைக் கோடு இன்டேக்கில் வரும் கோட்டுக்கு ஒரு மி.மீ. பின்னால் விழுகிறது. ரெண்டு பக்கமும் குறி வைத்தேன், இருந்தும் இப்படி. கனார்டில் கோட்டை முழுக்க ஒரு மி.மீ. முன்னால் நகர்த்தவா?

#19 · கோணமானி

கோட்டை முழுக்க நகர்த்தினால் கனார்டின் மறுமுனை மூலை கெட்டுவிடும், அதைச் சரிசெய்யப் போய் அடுத்தது கெடும். இன்டேக்கை ஒட்டிய மூலையை மட்டும் ஒரு மி.மீ. முன்னால் வையுங்கள். அங்கிருந்து மறுமுனையின் பழைய மூலைக்குப் புதுக் கோடு. நடுவில் ஒரு மெல்லிய முக்கோணம் கிடைக்கும், அதில் மட்டும் கரும்பச்சை.

#20 · உப்புத்தாள்

அதேதான்.

அடுத்து டீகால். முதலில் கிளியர் கிளாஸ் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு), அவசரப்படாதீர்கள். மேட் பரப்பில் டீகால் வைத்தால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுக்கும், அதுவும் கறுப்புச் சில்லின் மேல் பளிச்சென்று தெரியும். ஸ்வீடன் வட்டச் சின்னத்தில் நீலத்தின் மேல் மூன்று மஞ்சள் கிரீடம், சுற்றி மஞ்சள் வளையம். அந்த மஞ்சள் பாதி வெளிர்பச்சையிலும் பாதி கறுப்பிலும் விழுந்தால், டீகால் மெலிதாக இருந்தால், பாதி வளையம் அழுக்காகத் தெரியும். கூடுதல் தாளிலிருந்து ஒன்றை எடுத்து, தேவையில்லாத துண்டில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தில் வெள்ளை வட்டம் ஒன்று மெலிதாக அடித்துவிட்டு மேலே ஒட்டுங்கள். வாலின் ஆரஞ்சு எண்ணுக்கும் இதே வைத்தியம்.

வாஷ் (பேனல் கோடுகளில் இறங்கவிடும் நீர்த்த பெயின்ட்) ஒரே நிறத்தில் வேண்டாம். மண்ணிலும் வெளிர்பச்சையிலும் அடர்பழுப்பு, கறுப்பில் நடுத்தரச் சாம்பல். எல்லாவற்றுக்கும் கறுப்பு வாஷ் விட்டால் பாதி விமானத்தில் பேனல் கோடு இருக்கும், பாதியில் இருக்காது.

#21 · பெட்டிக்குள்_கிட்

இதையெல்லாம் படித்துவிட்டு என் கிட்டை எடுத்துப் பார்த்தேன். முழுக்க வெள்ளை விமானம். மனசு லேசாயிற்று.

#22 · பிக்சல்_போதும்

வெள்ளையா? அதுக்குத் தனி இழை போடுங்கள். ஆறுதல் சொல்ல வருகிறேன்.

#23 · நாலாவதுகோட்

முடிந்தது. மேட் கோட் நேற்று ராத்திரி. நாலு கோணத்தில் போட்டோ இணைத்திருக்கிறேன்.

வெள்ளை வட்ட யோசனை காப்பாற்றியது. கனார்ட் முக்கோணம் சரியாக உட்கார்ந்துவிட்டது. மேட் அடித்ததும் கரும்பச்சையும் கறுப்பும் கொஞ்சம் நெருங்கித் தெரிகின்றன, அதைத் தொடப்போவதில்லை. ஒரே ஒரு மூலையில் மட்டும் நான் தப்புப் பண்ணியிருக்கிறேன், எங்கே என்று சொல்ல மாட்டேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

#24 · உப்புத்தாள்

மூன்றாவது போட்டோ. வால் அடியில், வலப்பக்கம், எதிர் உந்துவிசைப் பிளவுக்கு முன்னால் இருக்கும் மண் நிறச் சில்லு. மேல் மூலை.

அருமையான விகென், தம்பி.